கூல்டிரிங்கில் ஊறவைத்த விங்ஸ்: எங்கே கெட்டது, எப்படிச் சரிசெய்வது

கோழி இறக்கையைக் கூல்டிரிங்கில் ஊறவைத்து வீட்டிலேயே பொரிக்கிறவர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நிறையப் பேர், ஆனால் நினைத்த மாதிரி வந்தது என்று சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவருக்கு மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கிறது, இன்னொருவருக்கு மாவு தனியே தோல் தனியே என்று பிரிந்து போகிறது, மற்றவருக்குத் தட்டுக்கு வரும்போதே தொளதொளவென்று ஆகிவிடுகிறது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: ஊறவைத்த இனிப்புத் தண்ணீரைத் துடைத்து எடுக்காமல் அப்படியே மாவில் புரட்டி எண்ணெயில் போடுவது. கூல்டிரிங்கின் வேலை ஊறும்போதே முடிந்துவிடுகிறது. எண்ணெய்க்குள் அது கூட வரவேண்டிய அவசியமில்லை.

உங்களுக்கு எந்தக் கோளாறோ அதை மட்டும் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அளவை வைத்துத்தான் மற்றதெல்லாம் பேசப்போகிறேன்.

மூட்டில் இரண்டாக வெட்டிய இறக்கை 1 கிலோ, நுனியைச் சூப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். எலுமிச்சை அல்லது இஞ்சி வாசனையுள்ள கூல்டிரிங்க் ஒன்றரை கப், இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி. உப்பைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், அதைப் படிக்காமல் போடாதீர்கள். ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் 2 முதல் 4 மணி நேரம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மேல்மாவுக்கு கேக் ஃப்ளவர் (மைதா மாதிரி கோதுமை மாவு) 1 கப், மெய்சீனா (சோளமாவு) அரை கப், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு. பொரிக்க சன்ஃப்ளவர் எண்ணெய்.

பாட்டிலில் இருக்கிற நுரைக்கும் சதை மென்மையாவதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. உப்பும் விழுதும் போட்ட உடனேயே வாயு பொங்கிப் போய்விடும். மிச்சமிருப்பது சர்க்கரை, புளிப்பு, தண்ணீர். வேலை செய்வது இந்த மூன்றும்தான், கெடுப்பதும் இதே மூன்றுதான். அதனால் நேற்றைய பார்ட்டியில் மிஞ்சி வாயு போன பாட்டில் இருந்தால் தாராளமாக அதையே ஊற்றலாம், புதிது வாங்கிக் கொட்ட வேண்டாம்.

மேலே கறுத்துவிட்டது, உள்ளே வேகவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். முழுச் சர்க்கரை போட்ட கூல்டிரிங்கில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, அப்படியென்றால் நீங்கள் ஊற்றிய ஒன்றரை கப்பில் 35 கிராமுக்குக் குறையாது. பாட்டிலில் இருக்கும் புளிப்பு அந்தக் கரும்புச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்தும் வைத்திருக்கும். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரி வாக்கில் சிவக்கத் தொடங்கினால் ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாற ஆரம்பித்துவிடும். நீங்கள் 180 டிகிரி எண்ணெயில் போடுகிறீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை 3 நிமிடத்தில் கறுத்துவிடும், எலும்பை ஒட்டிய சதை வேக 8 நிமிடமாவது வேண்டும். பிறகு எப்படிச் சேரும்? 1860இல் நம் முன்னோர் கப்பலேறி வந்தது டர்பனைச் சுற்றிய இந்த நேட்டால் பகுதியின் கரும்பை வெட்டத்தான், அந்தக் கரும்பு இன்னும் நம்மை விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: ஊறியதை வடிதட்டில் கொட்டி கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் கிச்சன் பேப்பரால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள், மடிப்புகளுக்குள்ளேயும். நேரம் இருந்தால் கம்பித்தட்டில் பரப்பி, மூடாமல், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள், சமைத்து வைத்த மற்ற சாப்பாட்டுக்குக் கீழ்த் தட்டில். தோல் தொட்டால் பிசுபிசுப்பில்லாமல் இருக்க வேண்டும். குழாயடியில் கழுவாதீர்கள், சுவையும் போய்விடும், கோழித்தண்ணீர் சிங்க் முழுக்கத் தெறித்து கிருமியும் பரவும்.

அடுத்தது எண்ணெய்ச் சூடு. இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதல் தடவை 155 முதல் 160 டிகிரி, 8 முதல் 10 நிமிடம், உள்ளே முழுதாக வேகும்வரை. எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டு, இரண்டாம் தடவை 180 டிகிரியில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. தெர்மாமீட்டர் இல்லை என்றால் கரைத்த மாவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடிவரை போய் மெதுவாக மேலே வந்தால் முதல் பொரிப்புக்குச் சரி. பாதி ஆழம்கூடப் போகாமல் சட்டென்று மேலே வந்தால் இரண்டாம் பொரிப்புக்கு. மூழ்காமல் மேலேயே சுற்றினால் ரொம்பச் சூடு, அடுப்பைக் குறையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் சதையின் உள்ளேயும் குத்திப் பாருங்கள்: 74 டிகிரி வந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம், இறக்கைக்கு 85ஐத் தாண்டினால்தான் ருசி, நரம்பும் சவ்வும் இளகி எலும்பை விட்டுக் கழன்று வரும்.

ஏற்கெனவே கறுத்துவிட்டதென்றால் எண்ணெயில் வைத்து இழுக்காதீர்கள். எடுத்து 180 டிகிரி அவனில் கால் மணி நேரம் வையுங்கள், உள்ளே வெந்துவிடும். கறுத்த நிறத்தை மட்டும் யாராலும் எடுக்க முடியாது.

இன்னொன்று, மசாலா. நம்முடைய சிவந்த டர்பன் மசாலாவை ஊறவைக்கும் தண்ணீரிலேயே கொட்டுகிறீர்கள் என்றால் மிளகாய்த்தூளும் சேர்ந்து கருகும், கசப்பு அதில்தான் வரும். பாதியை மேல்மாவில் கலந்து, மீதியை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக மேலே தூவுங்கள். மணமும் நிற்கும்.

நிறமே வரவில்லை, வெளிறிப்போய் இருக்கிறது

பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில் 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி போடுகிறார்கள், அதனால் பல கூல்டிரிங்குகளில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு செயற்கை இனிப்பைச் சேர்த்திருக்கிறார்கள். பெரியம்மா பழைய நோட்டில் எழுதி வைத்த அளவும் நேரமும் இன்றைய பாட்டிலுக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். செயற்கை இனிப்பு சர்க்கரை மாதிரி சிவக்காது. அஸ்பார்ட்டேம் போட்டதாக இருந்தால் சூட்டில் இனிப்பும் போய்விடும்.

இதற்கு மேல்மாவில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் ஒரு மேசைக்கரண்டி பால்பவுடரும் சேர்த்தால் நிறம் வந்துவிடும். ஆனால் எப்போதும் கருகவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது நேர் எதிர்: சர்க்கரையே இல்லாத சீரோ பாட்டிலை வேண்டுமென்றே வாங்குங்கள். புளிப்பு இருக்கும், கருகல் இருக்காது.

நிறம் பச்சையாக இருக்கிறது என்றால் பச்சை க்ரீம் சோடாவை ஊற்றியிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மாமியாருக்குப் பிடிக்காது.

பொரித்து 5 நிமிடம்கூட ஆகவில்லை, தொளதொளவென்று ஆகிவிட்டது

எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியேற வழி இல்லையென்றால் அது மேல்மாவிலேயே குடியேறிவிடும். முதல் பொரிப்புக்குப் பின் ஆறவிடுவதே அதற்காகத்தான்: உள்ளிருக்கும் தண்ணீர் மேலே வரட்டும், இரண்டாம் பொரிப்பு அதை விரட்டட்டும். ஒரே தடவையில் முடித்துவிட்டு மொறுமொறுப்பு நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்?

எடுத்து வைக்கும் இடமும் முக்கியம். பேப்பர் மேல் குவித்தால் அடியில் இருப்பதெல்லாம் அவியும், கம்பித்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். விருந்தாளி வரத் தாமதமானால் 100 டிகிரி அவனில், கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடி போடவே போடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்ப ஐஸ்கிரீம் டப்பாவில் சூடாக அடைத்து மூடி அழுத்துவது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, மொறுமொறுப்பைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. மூடியைச் சாய்த்து வைத்துக் கொடுங்கள், வெந்நீர்ச் சட்டி தூக்கிப்போகிற மாதிரி கவனமாகத் தூக்கிப்போகட்டும்.

பிப்ரவரி மாதத்து டர்பன் காற்றின் ஈரம் வேறு. அந்த நாட்களில் மெய்சீனா அளவைக் கூட்டி கேக் ஃப்ளவருக்குச் சமமாகப் போடுங்கள், அல்லது மெய்சீனாவில் பாதிக்குப் பதில் அரிசி மாவு. கோதுமை மாவில் இருக்கும் க்ளூட்டன் ஈரத்தைக் குடித்துச் சவசவவென்று ஆகும், ஸ்டார்ச் அப்படி ஆகாது. சட்னியோ பெரிபெரி சாஸோ புரட்டுவதாக இருந்தால் சாப்பிட உட்காரும்போதுதான், அதுவும் சாஸைச் சூடாக்கி, மெல்லிய பூச்சாக. ஊறவைத்த தண்ணீரையே கொதிக்கவைத்துச் சாஸ் ஆக்குகிறவர்கள் சிலர், தளதளவென்று நன்றாகக் கொதித்தால் தப்பில்லை, கொதிக்காமல் தடவினால் பச்சைக் கோழித் தண்ணீரைத் தடவுகிறீர்கள்.

மாவு கழன்று எண்ணெயில் மிதக்கிறது

தோல் ஈரம். மேலே சொன்னபடி ஒற்றி எடுங்கள். பிறகு மாவில் புரட்டி, அழுத்தி, உதறி, தட்டில் 10 முதல் 15 நிமிடம் சும்மா விடுங்கள். வெள்ளைவெள்ளையாகத் தெரிந்த உலர்மாவு லேசாக ஈரம் பட்டுத் தோலோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் போட்ட முதல் 2 நிமிடம் கரண்டி போடாதீர்கள், மேல்பக்கம் கெட்டியானதும் திருப்பலாம்.

எண்ணெய் வெடிக்கிறது, பொங்கி வழிகிறது

சூப்பர்மார்க்கெட்டில் 2 கிலோ 5 கிலோ என்று விற்கிற உறைந்த துண்டுகளை வாங்குகிறீர்களா? அவற்றில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். ஒரு காலத்தில் அளவே இல்லாமல் ஏற்றினார்கள், 2016இல்தான் துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக்கோழிக்கு 10 சதவீதம் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. 15 என்றாலும் கணக்குப் பாருங்கள், ஒரு பையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர் கொஞ்சமல்ல. அந்தத் தண்ணீர்தான் எண்ணெயில் வெடிக்கிறது.

ஐஸ் போக வேண்டும், முழுதாகப் போக வேண்டும். முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டுக்குள் வைத்துவிடுங்கள். புரட்டாசி முடிந்த வாரக் கடைசியில் ஒரு மாதம் காய்ந்த நாக்கின் அவசரம் எனக்கும் புரிகிறது, அதற்காக ஐஸோடு எண்ணெயில் போட்டால் சாப்பாட்டுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைத்த பிறகுதான் கூல்டிரிங்கில் ஊறவைக்க வேண்டும், உறைந்ததை நேராக கூல்டிரிங்கில் போட்டு அதிலேயே ஐஸ் கரையட்டும் என்று விடுவது வேலைக்காகாது.

பாத்திரம் ஆழமாக, கனமாக, எண்ணெய் பாதிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கரன்ட் அடுப்பில் தட்டு மெதுவாகத்தான் சூடேறும், ஒரே நேரத்தில் 6, 7 துண்டுக்கு மேல் போட்டால் எண்ணெய்ச் சூடு விழுந்து எண்ணெயும் குடிக்கும். இந்த இடத்தில் காஸ்ட் அயர்ன் பாத்திரம்தான் கைகொடுக்கும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, முடிந்தால் அடுப்பை அணைத்து, இரும்பு மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள்.

லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரன்ட்டை நிறுத்துவது) இப்போது குறைந்திருக்கிறது என்றாலும் கரன்ட் போகத்தான் செய்கிறது. முதல் பொரிப்பில் உள்ளே முழுதாக வேகவைத்துவிடச் சொல்வது இதற்காகவும்தான், நடுவில் கரன்ட் போனால் ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டாம் பொரிப்பைப் போட்டுக்கொள்ளலாம். அரைவேக்காட்டில் நின்றால் காத்திருக்காதீர்கள், உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். ஊறிக்கொண்டிருப்பது திறக்காத ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் வரை தாங்கும்.

உப்பு கரிக்கிறது

மேலே சொன்ன அதே உப்புநீர்தான். பையில் உப்புநீர் ஏற்றியது என்று போட்டிருந்தால் ஊறவைக்கும் தண்ணீரில் உப்பே வேண்டாம், மேல்மாவில் அரைத் தேக்கரண்டி போதும். கோழிப் பண்ணையிலிருந்தோ கடையில் அன்றைக்கு வெட்டியதோ என்றால்தான் அந்த 2 தேக்கரண்டி.

சதை மாவு மாதிரி உதிர்கிறது, கடிக்க ஒன்றுமே இல்லை

அதிக நேரம் ஊறிவிட்டது. கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை வகையில் சிட்ரிக் அமிலம், இரண்டில் கோலாதான் புளிப்பு கூடியது, நாக்குக்குத் தெரியாமல் சர்க்கரை மறைத்துவிடும். கோலா என்றால் 2 மணி நேரம், எலுமிச்சை, இஞ்சி வகை என்றால் 4 மணி நேரம். ராத்திரி முழுக்க ஊறவைக்கும் கறி மசாலா பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள், இறக்கையில் சதை மெல்லிசு. மென்மையாகட்டும் என்று பச்சை அன்னாசிச் சாறோ பப்பாளியோ கூடப் போட்டால் அரை மணி நேரமே அதிகம், அவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது. அன்னாசி வாசனையுள்ள கூல்டிரிங்கில் அந்த நொதி கிடையாது, பயப்பட வேண்டாம்.

ஆப்பசோடாவைக் கூல்டிரிங்கோடு சேர்த்துப் போடுகிறவர்களுக்கு: இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பொங்கி முடிந்துவிடும், அளவு கூடினால் சோப்பு நாற்றம். ஏதாவது ஒன்று போதும்.

எலும்புப் பக்கம் சிவப்பு

வெந்ததா இல்லையா என்ற சண்டை எல்லா வீட்டிலும் வரும். கடைக்கோழி இளசு, எலும்பு முற்றியிருக்காது, உறைந்து இளகும்போது மஜ்ஜையின் சிவப்பு எலும்பு வழியே கசிந்து பக்கத்துச் சதையில் ஏறிவிடும், வெந்த பிறகு கறுஞ்சிவப்பாகக்கூடத் தெரியும். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், 74 டிகிரி தாண்டியிருந்தால் சாப்பிடலாம். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், சதை கண்ணாடி மாதிரி பளபளவென்று ரப்பராக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மறுபடியும் எண்ணெய்க்கு.

டர்பனில் சரியாக வந்தது, ஜோஹன்னஸ்பர்க்கில் வரவில்லை

வேலைக்காக அங்கே போன பிள்ளைகள் ஃபோனில் கேட்கிற கேள்வி. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தோலின் ஈரம் சீக்கிரம் போய் மேலே சீக்கிரம் சிவக்கும், உள்ளே வேகத்தான் கூடுதல் நேரம் எடுக்கும். முதல் பொரிப்பை 150 டிகிரிக்கு இறக்கி 2, 3 நிமிடம் கூட்டுங்கள். அங்கே காற்று வறண்டது என்பதால் மொறுமொறுப்பு என்னவோ நம்மைவிட அதிக நேரம் நிற்கும், அந்த அதிர்ஷ்டம் அவர்களுக்கு.

முதல் ஈடு நன்றாக வந்தது, மூன்றாம் ஈடு கசக்கிறது

அடியில் தங்கிய மாவுத்தூள் கருகி எண்ணெயைக் கெடுத்துவிட்டது, சர்க்கரை கலந்திருப்பதால் சாதாரணப் பொரியலைவிட வேகமாகவே கருகும். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே கண்ணரிக் கரண்டியால் தூளை வாரி எடுங்கள். எல்லா ஈட்டையும் முதல் பொரிப்பு முடித்துவிட்டு, அதன் பிறகு மொத்தமாக இரண்டாம் பொரிப்பு என்று வைத்துக்கொண்டால் எண்ணெய்ச் சூட்டை ஏற்றி இறக்கும் வேலையும் மிச்சம். இந்த எண்ணெயை அடுத்த நாள் சில்லி பைட்ஸ் (பஜ்ஜி மாதிரிப் பலகாரம்) பொரிக்க வைத்திருக்காதீர்கள், இனிப்பு வாடை அடிக்கும்.

ஏர்ஃப்ரையரில் மாவு அப்படியே பொடியாக நிற்கிறது

எண்ணெய் படாத மாவு வேகாது. மேல்மாவை மறந்துவிட்டு, துடைத்த இறக்கையில் ஒரு மேசைக்கரண்டி மெய்சீனாவும் 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் தடவி, 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கி. பொரித்த ருசி வராது, தோல் மட்டும் நன்றாக முறுகும்.

மறுநாள் சூடு பண்ணினால் ரப்பர்

மைக்ரோவேவில் வைத்திருப்பீர்கள். 200 டிகிரி அவனிலோ ஏர்ஃப்ரையரிலோ 6 முதல் 8 நிமிடம், கம்பித்தட்டின் மேல். சாஸ் புரட்டியதை அப்படி வைத்தால் சாஸ் கருகும், அதை 160 டிகிரியில் கொஞ்சம் நீட்டி வையுங்கள், மொறுமொறுப்பு அதில் திரும்பி வராது, ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.